புகார் இல்லாத களவு

2008 பிப்ரவரியில் ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் உள்ள தேசிய கலைக்கூடம் ஒரு சோழர்கால நடராஜரை 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. விற்றவர், நியூயார்க் மேடிசன் அவென்யூவில் 'ஆர்ட் ஆஃப் தி பாஸ்ட்' என்ற கடை நடத்திய சுபாஷ் கபூர். விற்பனைக் காகிதங்களில் இரண்டு முக்கியமானவை. இந்தியாவில் தொல்பொருள் சட்டம் வருவதற்கு முன்பே ஒரு சூடான் நாட்டுத் தூதரக அதிகாரியின் குடும்பத்தோடு சிலை வெளிநாடு போய்விட்டது என்றது ஒன்று. களவுபோன கலைப்பொருட்களின் சர்வதேசப் பட்டியலில் இந்தச் சிலை இல்லை என்று சான்று சொன்னது மற்றொன்று. முதல் காகிதம் பொய். இரண்டாவது சொன்னது உண்மை.

எப்படி உண்மை? கொள்ளிடத்துக்கு வடக்கே அரியலூர் மாவட்டத்தில் உள்ள ஸ்ரீபுரந்தான் பிரகதீஸ்வரர் கோயிலிலிருந்து அந்த நடராஜர் 2006 வாக்கிலேயே பறிபோயிருந்தார். பூசை நின்றுபோன கோயில், பூட்டியே கிடந்தது. சிலைகளைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்ற 2008இல் அதிகாரிகள் வந்து திறந்தபோதுதான் உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. அதற்குள் கான்பெராவில் பணம் கைமாறிவிட்டது. காணோம் என்று எந்தக் காவல் நிலையத்திலும் எழுதப்படாத ஒன்று உலகத்தின் எந்தப் பட்டியலில் ஏறும்?

எல்லை தாண்டிய குற்றங்களைப் பற்றிப் பேசும்போது ஒப்பந்தம் போதவில்லை, வெளிநாடுகள் ஒத்துழைப்பதில்லை என்று அங்கலாய்ப்பது நமக்குப் பழக்கம். காவிரிப் படுகையிலிருந்து போன சிலைகளின் அரை நூற்றாண்டு வழக்குகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. சட்டம் கைகொடுத்த இடங்களில் அநேகமாக, ஊரில் யாரோ ஒருவர் எதையோ எழுதியோ படமெடுத்தோ வைத்திருந்தார். கைவிட்ட இடங்களில் பெரும்பாலும் அந்தக் காகிதம் இல்லை.

சட்டத்தின் வழித்தடங்களை முதலில் பார்த்துவிடலாம். கும்பகோணத்தில் ஒரு விசாரணை அதிகாரிக்கு லண்டன் வியாபாரி ஒருவரின் விற்பனைப் பேரேடு வேண்டும். நேரே போய்க் கேட்க முடியாது. ஒரு நாட்டுப் போலீசுக்கு இன்னொரு நாட்டு மண்ணில் அதிகாரம் கிடையாது. தகவல் மட்டும் போதுமென்றால் சி.பி.ஐ. வழியாக இன்டர்போலை அணுகலாம். மாநிலப் போலீசார் இதை விரைவாகச் செய்யவே 2025 ஜனவரியில் 'பாரத்போல்' தளம் தொடங்கப்பட்டது. ஆனால் இந்த வழியில் கிடைப்பது பெரும்பாலும் துப்பு. அதை அப்படியே சாட்சியமாக நீதிமன்றத்தில் வைத்துவிட முடியாது. சாட்சியம் வேண்டுமானால் நீதிமன்றத்தில் மனுச் செய்து வேண்டுகோள் கடிதம் பெற வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 166ஏ பிரிவு. இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 112ஆவது பிரிவு. அந்தக் கடிதம் டெல்லி உள்துறை அமைச்சகத்துக்குப் போய், அங்கிருந்து கடல் தாண்ட வேண்டும். ஆளையே கொண்டுவர வேண்டுமானால் 1962ஆம் ஆண்டின் ஒப்படைப்புச் சட்டம். அதற்கு வாசல் வெளியுறவு அமைச்சகம்.

இந்த வாசல்கள் ஒரே நாளில் திறந்தவை அல்ல. பிரிட்டனோடு ஆள் ஒப்படைப்புக்கும் சட்ட உதவிக்கும் 1992இல் கையெழுத்தானது. அமெரிக்காவோடு ஒப்படைப்பு ஒப்பந்தம் 1997இல், பரஸ்பரச் சட்ட உதவி ஒப்பந்தம் 2001இல். ஜெர்மனியோடு ஒப்படைப்பு ஒப்பந்தம் 2001இலேயே இருந்தும், குற்ற வழக்குகளில் சட்ட உதவிக்கான ஒப்பந்தம் 2024 அக்டோபரில்தான் வந்தது. கலைப்பொருட்களுக்கென்றே 1970இல் யுனெஸ்கோ ஓர் உடன்படிக்கை செய்தது. இந்தியா அதில் 1977இல் சேர்ந்தது; அமெரிக்கா 1983இல், ஆஸ்திரேலியா 1989இல், பிரிட்டன் 2002இல், ஜெர்மனி 2007இல். வாங்கும் நாடுகள் நிதானமாகத்தான் வந்து சேர்ந்தன. ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆள் ஒப்படைப்புக்கு அடியில் ஒரு விதி ஓடுகிறது. கேட்கும் நாட்டில் மட்டுமல்ல, கொடுக்கும் நாட்டிலும் அந்தச் செயல் குற்றமாக இருக்க வேண்டும். அனுமதியில்லாமல் தொல்பொருளை ஏற்றுமதி செய்தது நம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இன்னொரு நாட்டின் ஏற்றுமதித் தடையை மதிக்க வேண்டிய கட்டாயம் எந்த நீதிமன்றத்துக்கும் தானாக வந்துவிடாது. பூட்டை உடைத்துக் கோயிலுக்குள் நுழைந்து திருடியது உலகம் முழுக்கக் குற்றம். அதனால் சிலை வழக்குகளில் தொல்பொருள் சட்டத்தைவிட, ஊர்க் காவல் நிலையத்தில் போடப்படும் சாதாரணத் திருட்டு வழக்குக்கே வெளிநாட்டில் மதிப்பு. தமிழ்நாடு 1993இலேயே இந்தியத் தண்டனைச் சட்டத்தில் கோயில் சிலைத் திருட்டுக்குத் தனி உட்பிரிவு சேர்த்தது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 305ஆவது பிரிவு அதை நாடு முழுமைக்கும் ஆக்கியிருக்கிறது. வி.ஏ.ஓ.வும் இரண்டு ஊர்க்காரர்களும் கையெழுத்துப் போட்ட மகஜர் ஆங்கிலமாகி, சில வேளை ஜெர்மனாகி, அந்நிய நீதிபதி ஒருவரை நம்ப வைக்க வேண்டும். 'சுமார் மூன்றடி உயரமுள்ள ஐம்பொன் சாமி சிலை ஒன்று' என்று எழுதியிருந்தால் அவர் எந்தச் சிலையை நினைத்துக்கொள்வார்?

ஒப்பந்தம் எதுவும் இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்பதற்குச் சிவபுரம் சாட்சி. கும்பகோணத்துக்குப் பக்கத்து ஊர். 1951இல் வயலில் புதையலாகக் கிடைத்த செப்புத் திருமேனிகள் கோயிலுக்குத் தரப்பட்டன. 1950களின் நடுவில் பழுதுபார்க்கக் கொடுத்த நடராஜருக்குப் பதிலாகப் புதிதாக வார்த்த நகல் கோயிலுக்குத் திரும்பியது. அசல் பம்பாய் வழியாக நியூயார்க் போனது. பல ஆண்டுகள் ஊர் நகலையே கும்பிட்டது. 1965இல் வெளிவந்த தன் நூலில் பிரிட்டிஷ் அருங்காட்சியக அறிஞர் டக்ளஸ் பாரெட், கோயிலில் இருப்பது அசல் அல்ல என்று எழுதிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. 1973இல் கலிஃபோர்னியத் தொழிலதிபர் நார்ட்டன் சைமனின் அறக்கட்டளை அதை ஏறத்தாழ 9 லட்சம் டாலருக்கு வாங்கியது. இந்தியா 1974இல் அமெரிக்க நீதிமன்றங்களில் வழக்குப் போட்டது. தீர்ப்பு வரவில்லை, சமரசம் வந்தது. 1976இல் ஒப்புக்கொண்டபடி சிலை பத்தாண்டு அருங்காட்சியகத்திலேயே இருந்துவிட்டு 1986இல் திரும்பியது. களவுப் பொருளைப் பத்து வருடம் குத்தகைக்கு விட்டதுபோன்ற ஏற்பாடு என்று கோபப்பட்டவர்கள் உண்டு. அன்று கையிலிருந்த ஆயுதங்களை எண்ணிப் பார்த்தால் அந்தப் பேரம் மோசமானதென்று எனக்குத் தோன்றவில்லை.

பத்தூர் வழக்கு வேறு மாதிரி. இன்றைய திருவாரூர் மாவட்டத்தில் உள்ள பத்தூரில், இடிந்து கிடந்த விசுவநாத சுவாமி கோயில் அருகே 1976இல் ஒரு கூலித் தொழிலாளி மண்ணைத் தோண்டியபோது நடராஜர் அகப்பட்டார். சொற்ப விலைக்குக் கைமாறி, தரகர்களைக் கடந்து லண்டன் சேர்ந்தார். கனடாவைச் சேர்ந்த பம்பர் டெவலப்மென்ட் கார்ப்பரேஷன் 1982இல் இரண்டரை லட்சம் பவுண்டுக்கு வாங்கி, சுத்தம் செய்வதற்காக பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது. அங்கே வைத்து லண்டன் மாநகரப் போலீஸ் சிலையைக் கைப்பற்றியது. வாங்கிய நிறுவனம் போலீஸ் மீதே வழக்குப் போட்டது. இந்த வழக்கில் இந்திய அரசு, தமிழ்நாடு அரசு, கோயிலின் தக்கார், கோயில், அங்கே இருந்த சிவலிங்கம் என்று ஐந்து தரப்பும் உரிமை கோரி நுழைந்தன.

சிவலிங்கம் லண்டனில் வழக்காடுகிறது என்று அங்குள்ள பத்திரிகைகளுக்கு நல்ல தீனி. சட்டப்படி அதில் வேடிக்கை ஏதுமில்லை. வழிபாட்டு மூர்த்தியைச் சொத்துரிமை கொண்ட நபராக லண்டன் பிரிவி கவுன்சிலே 1925இல், கல்கத்தாக் குடும்பம் ஒன்றின் வழக்கில் ஏற்றிருக்கிறது. ஆனால் அது இந்தியாவுக்காகச் சொன்ன சட்டம். இங்கிலாந்து மண்ணில் கட்டடமும் கல்லும் வழக்குத் தொடர முடியுமா? இன்னொரு நாட்டின் சட்டம் ஓர் அமைப்பை நபராக ஏற்றிருந்தால், நம்முடைய சட்டத்தில் அப்படி ஒன்று இல்லை என்பதற்காக வாசலில் நிறுத்திவிடக் கூடாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991 பிப்ரவரியில் சொன்னது. நாடுகள் ஒன்றின் சட்டத்தை மற்றொன்று மதிக்கும் பரஸ்பர மரியாதைதான் அதற்கு அடிப்படை. பூசை நின்று நூற்றாண்டுகள் ஆன, கூரைகூட இல்லாத கோயில் தன் தக்கார் மூலம் ஜெயித்தது. லிங்கத்தின் உரிமையைத் தனியாகத் தீர்மானிக்க வேண்டிய தேவை மேல்முறையீட்டில் எழவில்லை.

சட்ட மாணவர்கள் இந்த வழக்கை லிங்கத்துக்காகப் படிக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது கறையான். லண்டனில் பிடிபட்ட நடராஜர்தான் பத்தூரில் தோண்டியவர் என்று எப்படி நிரூபிப்பது? புகைப்படம் இல்லை, பதிவேடு இல்லை. மண்ணுக்குள் இருந்தவருக்கு யார் படமெடுத்திருப்பார்கள்? அதே இடத்தில் கிடைத்த மற்றத் திருமேனிகளோடு வைத்து வார்ப்பின் நடையையும் உலோகத்தையும் பாசியையும் ஒட்டியிருந்த மண்ணையும் ஒப்பிட்டார்கள். தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி சாட்சிக் கூண்டேறினார். சிலைமேல் கறையான் ஏறிய தடங்கள்கூட சாட்சியமாக வைக்கப்பட்டன. எதிர்த்தரப்பும் தன் நிபுணர்களைக் கொண்டுவந்தது. 1988இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு, 1991இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பு, அந்த ஆண்டே சிலை தமிழ்நாடு வந்தது. ஓர் ஊர்க் குழியின் மண்ணை லண்டனுக்குப் புரியவைக்க ஒன்பது ஆண்டுகள்.

இந்த இரண்டு வழக்கிலும் பொருள் திரும்பியது. கொள்ளையின் பெரிய கண்ணிகள் யாரும் கும்பகோணம் நீதிமன்றத்தின் முன் வந்து நிற்கவில்லை. ஆளைக் கொண்டுவந்த வழக்கு கபூருடையது. தமிழகப் போலீசின் வேண்டுகோளில் வெளியான இன்டர்போல் சிவப்பு அறிவிக்கையின்படி 2011 அக்டோபர் 30 அன்று ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் பிடிபட்டார். 2012 ஜூலையில் ஜெர்மனி அவரை ஒப்படைத்தது. இந்தியச் சிலைக் கடத்தலின் வரலாற்றில் இதற்கு இணையாக இன்னொன்றைச் சொல்வது கடினம்.

ஒப்படைப்பு என்பது நிபந்தனையோடு வரும் கொடை. எந்தக் குற்றத்தைச் சொல்லிக் கேட்டோமோ அதற்கு மட்டுமே விசாரிக்கலாம். வேறு வழக்குக்கும், மூன்றாம் நாட்டுக்கு அனுப்புவதற்கும் கொடுத்த நாட்டின் சம்மதம் வேண்டும் என்பது பொதுவிதி. நம் ஒப்படைப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவும் முதல் பாதியைத்தான் சொல்கிறது. போர்ச்சுகலிலிருந்து 2005இல் வந்த அபு சலேமை மரண தண்டனைக்கும் 25 ஆண்டுக்கு மேற்பட்ட சிறைக்கும் உள்ளாக்க மாட்டோம் என்று இந்தியா வாக்குக் கொடுத்திருந்தது. அந்த வாக்கைக் காப்பாற்றியாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் மத்திய அரசுக்குச் சொன்னது. குற்றவாளிக்கு இது சலுகைபோலத் தெரியும். இன்று வாக்கு மீறினால் நாளை எந்த நாடும் யாரையும் தராது.

கபூர் விஷயத்தில் நாம் மீறியது வேறு வகை. உடையார்பாளையம் வரதராஜப் பெருமாள் கோயிலின் 19 சிலைகள் திருட்டுப்போன வழக்கில் கும்பகோணம் நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது 2022 நவம்பர் 1 அன்று. தீர்ப்பு வந்த நாளில் அவர் விசாரணைக் கைதியாகவே பத்தாண்டுகளைக் கழித்துவிட்டிருந்தார். அவர்மேல் எனக்கு இரக்கம் இல்லை. ஆனால் இந்தத் தாமதத்தைப் பிற நாடுகளின் நீதிமன்றங்களும் படிக்கின்றன. அடுத்த முறை நாம் ஓர் ஆளைக் கேட்கும்போது எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மேசைமேல் வைக்கப்போகும் முதல் காகிதம் இதுவாகத்தான் இருக்கும்.

ஆள் திருச்சிச் சிறையில் இருந்த அந்தப் பத்தாண்டில் பொருட்களைத் தேடியது நியூயார்க். அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் புலனாய்வுப் பிரிவும் மன்ஹாட்டன் மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகமும் கபூரின் கிடங்குகளைத் திறந்து 2,500க்கும் மேற்பட்ட பொருட்களை மீட்டன. 2022 அக்டோபரில் ஒரே தவணையில் 307 பொருட்கள் இந்தியாவிடம் தரப்பட்டன. அவற்றில் 235 கபூர் வழக்கில் கைப்பற்றியவை. எளிய காரணம் ஒன்று இதற்குப் பின்னால் இருக்கிறது. நியூயார்க் சட்டத்தில் திருடனிடமிருந்து வாங்கியவருக்கு, எவ்வளவு நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தாலும், உரிமை வராது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் நல்லெண்ணத்தோடு வாங்கியவர் குறிப்பிட்ட காலம் வைத்திருந்தால் உரிமையாளராகிவிடலாம். சிலை எந்த ஊரில் விற்கப்படுகிறது என்பதைப் பொறுத்து அதன் எதிர்காலம் மாறுகிறது.

ஸ்ரீபுரந்தான் நடராஜரை ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் 2014 செப்டம்பரில் நேரிலேயே கொண்டுவந்து கொடுத்தார். நடராஜர் திரும்பி வந்ததற்குக் காரணம் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் புகைப்படங்கள். 1956 முதல் புதுச்சேரியிலிருந்து ஊர் ஊராகப் போய்க் கோயில் மூர்த்தங்களைப் படமெடுத்த அந்த நிறுவனத்தின் நோக்கம் கலை வரலாற்று ஆய்வு. அறநிலையத் துறை செய்திருக்க வேண்டிய வேலையை அவர்கள் தம்மை அறியாமல் செய்துவைத்தார்கள். அனந்தமங்கலம் ராஜகோபாலப் பெருமாள் கோயிலின் ராமர், சீதை, லட்சுமணர் சிலைகள் 1978இல் திருட்டுப்போய், 2020இல் லண்டனிலிருந்து திரும்பியதற்கு 1958ஆம் ஆண்டுப் படமே ஆதாரம். சிங்கப்பூரில் இருக்கும் எஸ். விஜயகுமாரும் நண்பர்களும் நடத்தும் 'இந்தியா ப்ரைட் ப்ராஜெக்ட்' அடையாளம் கண்டது, போலீஸ் ஆவணங்கள் உறுதி செய்தன, வைத்திருந்தவர் வழக்கில்லாமல் கொடுத்துவிட்டார். சுந்தரப்பெருமாள்கோவில் திருமங்கையாழ்வாரின் 1957ஆம் ஆண்டுப் படம், ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1967இல் ஏலத்தில் எடுத்த சிலையோடு பொருந்தியது. 2024இல் பல்கலைக்கழகம் திருப்பித் தர இசைந்தது. தஞ்சை சரஸ்வதி மகாலிலிருந்து போன சரபோஜி, சிவாஜி ஓவியத்தை மாசசூசெட்ஸின் பீபாடி எசெக்ஸ் அருங்காட்சியகம் 2015இல் ஒப்படைத்தது. 2006இல் கபூரிடமிருந்து 35,000 டாலருக்கு அதை வாங்கியிருந்தது.

படம் ஏன் இவ்வளவு முக்கியமாகிறது? நம் சட்டத்தில் இருக்கும் ஓர் ஓட்டை இங்கே வருகிறது. சில நாடுகள் தம் மண்ணின் தொல்பொருட்கள் எல்லாமே அரசுடைமை என்று சட்டம் செய்துவிட்டன. அங்கிருந்து அனுமதியில்லாமல் போனது எதுவானாலும், அமெரிக்க நீதிமன்றம் 1970களிலிருந்து வகுத்துவரும் கொள்கைப்படி, களவுப் பொருளாகக் கருதப்படலாம். நம் 1972 சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பதிவு செய்துகொண்டு தனியார் வைத்திருக்கலாம், வெளிநாடு மட்டும் போகக் கூடாது. ஆகவே 'இது சோழர் வார்ப்பு, இந்தியாவுடையது' என்பது போதாது. இன்ன ஊர், இன்ன கோயில், இன்ன ஆண்டு என்று சொல்ல வேண்டும். அந்தச் சட்டத்தை மாற்றி எல்லாவற்றையும் அரசுடைமையாக்கலாமே என்பவர்கள் உண்டு. கோயில் மூர்த்தியின் உரிமை கோயிலுக்குத்தான் என்று லண்டன்வரை போய் வாதாடி வென்றுவிட்டு, அதை அரசின் கையில் தூக்கிக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

சட்டம் எட்டாத தூரமும் இருக்கிறது. நாகப்பட்டினம் மாவட்டத்துச் செம்பியன் மாதேவி ஊரின் கைலாசநாதர் கோயிலுக்குரியது என்று சிலை திருட்டுத் தடுப்புப் பிரிவு 2022இல் உரிமை கோரிய, அந்தப் பெயர்கொண்ட சோழ அரசியின் திருமேனியை வாஷிங்டன் ஃப்ரீயர் கலைக்கூடம் 1929இல் விலைக்கு வாங்கியது. யுனெஸ்கோ உடன்படிக்கை பின்னோக்கிச் செல்லாது. 1929க்கு எந்த ஒப்பந்தமும் பேசாது. அங்கே தார்மிகமும் பேச்சுவார்த்தையும்தான் வழி. 1715இல் தரங்கம்பாடியில் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாட்டின் கதை இன்னும் சங்கடமானது. சரஸ்வதி மகாலில் 2005இல் காணாமல் போன அந்தப் பிரதி, லண்டனில் பிரிட்டிஷ் அரச குடும்பச் சேகரிப்பில் இருப்பதாக அதே பிரிவு 2022இல் அறிவித்தது. 2005ஆம் ஆண்டுப் புகாரைத் துப்புத் துலங்கவில்லை என்று மூடிவிட்டு, 2017இல்தான் மறுபடி வழக்குப் பதிந்தார்கள். நடுவில் கழிந்த ஆண்டுகளை ஒப்பந்தத்தின் கணக்கில் எழுத முடியாது.

நாட்டு எல்லைகூடத் தேவையில்லை. ராஜராஜன், லோகமாதேவி திருமேனிகள் தஞ்சைப் பெரிய கோயிலை விட்டுப் போய்ப் பல பத்தாண்டுகள் அகமதாபாத் தனியார் அருங்காட்சியகம் ஒன்றில் இருந்தன, 2018இல்தான் திரும்பின. அதற்கு வேண்டுகோள் கடிதமோ தூதரகமோ தேவைப்படவில்லை. ஆனாலும் அத்தனை காலம் ஆனது.

1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 29ஆவது பிரிவு ஒவ்வொரு கோயிலும் சொத்துப் பதிவேடு வைக்க வேண்டும் என்கிறது. சிலையின் உயரம், எடை, பீடத்தின் எழுத்து, உடைந்த விரல், தேய்ந்த முகம், நான்கு பக்கப் படம் எல்லாம் அதில் இருந்தால் மகஜர் தானே எழுதிக்கொள்ளும். சிலைத் திருட்டு வழக்குக் கோப்புகள் 41 காவல் நிலையங்களிலிருந்து காணாமல் போயின என்று தொடரப்பட்ட வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கிறது. 1983 முதல் தனிப் பிரிவு வைத்திருக்கும் மாநிலத்தின் நிலை இது. 2024 ஜூலையில் இந்தியாவும் அமெரிக்காவும் செய்துகொண்ட பண்பாட்டுச் சொத்து உடன்பாடு, உரிய காகிதமில்லாத இந்தியத் தொல்பொருளை அமெரிக்கத் துறைமுகத்திலேயே நிறுத்த வழி செய்கிறது. களவை நிரூபிக்கும் சுமை ஓரளவு அங்கே இடம் மாறும். ஆனால் தடுத்து நிறுத்திய சிலை எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று சுங்க அதிகாரி கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியது நாம்.

திரும்பி வந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது தனிக் கேள்வி. வழக்கு முடியும்வரை சிலை வழக்குச் சொத்து. முடிந்த பிறகும் ஊர்க் கோயிலுக்குப் பூட்டு, காவல், பூசை மூன்றும் இல்லையென்றால் அனுப்பத் துறை தயங்குகிறது. பத்தூர் நடராஜர் திருவாரூர் தியாகராஜர் கோயில் வளாகத்து உலோகத் திருமேனிகள் பாதுகாப்பு மையத்தில், ஆயிரக்கணக்கான மற்றத் திருமேனிகளோடு இருக்கிறார். எந்தக் கோயிலின் உரிமையை லண்டன் ஒப்புக்கொண்டதோ அந்தக் கோயிலுக்கு அவர் இன்னும் போகவில்லை. 2017 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி மகாதேவன் சிலை வழக்குகளைக் கும்பகோணத்துக்கு மாற்றச் சொன்னதோடு, கோயில்களிலேயே பாதுகாப்பு அறைகள் அமைக்கவும் உத்தரவிட்டார். எந்தெந்தக் கோயிலில் அறை கட்டியாயிற்று, எந்தெந்தத் திருமேனி தன் ஊருக்குத் திரும்பியது என்று ஊர்வாரியாக ஒரு பட்டியலை அறநிலையத் துறை வெளியிட்டால், அடுத்த வழக்கில் தமிழ்நாட்டின் வழக்கறிஞர் அதையும் கையில் எடுத்துக்கொண்டு போகலாம்.